‘பிறந்த உடன அழேல்ல’: குழந்தையின் குருதியில் ஒரு கேள்வியின் வரலாறு

எங்களில் ஒருவரின் வீட்டுக்குப் பக்கத்து ஒழுங்கையில் ஒரு தம்பி இருக்கிறார். வயது பதினாலு. தனிய நடக்கமாட்டார். கையால் எடுத்துச் சாப்பிடுவதும் கஷ்டம். அவரைப் பற்றி யார் விசாரித்தாலும் அவருடைய அம்மா ஒரே வசனத்தைத்தான் சொல்லுவா: “பிள்ளை பிறந்த உடன அழேல்ல.” கேட்டவர்கள் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். வீட்டுக்குள்ளே கதை அதோடு முடிவதில்லை. “இவளுக்கு முக்கத் தெரியேல்ல” என்பா மாமியார். “ஆஸ்பத்திரியில ஒருத்தரும் கவனிக்கேல்ல” என்பார் தகப்பன். அம்மா மட்டும் தன்னைத்தானே கேட்டுக்கொள்ளுவா: “ஏழாம் மாசம் கிணத்தடியில விழுந்தனே, அதாலயோ?”

யோசித்துப் பார்த்தால் மூன்று பேரும் கேட்பது ஒரே கேள்விதான். பிள்ளைக்கு மூச்சு எப்போது குறைந்தது? வயிற்றில் இருக்கும்போதா, வலி வந்த பிறகா, வெளியே வந்த அந்த ஐந்து நிமிடத்திலா? பதில் எதுவோ அதைப் பொறுத்துத்தான் பழியும் போய்ச் சேருகிறது.

வைத்தியமும் இந்தக் கேள்வியை நூற்றைம்பது வருடத்துக்கு மேலாகக் கேட்டுக்கொண்டிருக்கிறது. இப்போது அது வந்து நிற்கும் இடங்களில் ஒன்று, குழந்தையின் குருதியில் கலங்களுக்கு வெளியே மிதக்கும் டி.என்.ஏ.யை அளந்து பார்ப்பது. நாங்கள் கலைப்பீடக்காரர். ஆய்வுகூடத்தைப் பற்றி எழுத எங்களுக்கு என்ன தகுதி என்று கேட்கலாம். ஆனால் ஒரு தடயத்தை வைத்துக்கொண்டு ‘இது எப்போது நடந்தது, இந்தச் சான்றை எவ்வளவு தூரம் நம்பலாம்’ என்று கேட்பதுதானே வரலாற்றுப் பாடம் எங்களுக்குச் சொல்லித் தந்தது. அந்தக் கண்ணோடுதான் இதை எழுதுகிறோம்.

லிற்றிலும் பிராய்டும்

1861இல் வில்லியம் ஜோன் லிற்றில் என்ற எலும்பியல் வைத்தியர் லண்டன் மகப்பேற்றியல் சங்கத்தின் முன்னால் ஒரு கட்டுரை வாசித்தார். அடுத்த வருடம் அது அச்சில் வந்தது. கை கால் இறுகிப்போன 47 பிள்ளைகளின் விபரங்களைத் திரட்டி, கஷ்டமான பிரசவம், குறைமாதப் பிறப்பு, பிறந்தவுடன் மூச்சுத் திணறல் ஆகியவற்றோடு அந்த இறுக்கத்தை அவர் தொடர்புபடுத்தினார். லிற்றிலுக்கே சிறுவயதிலிருந்து ஒரு பாதம் வளைந்திருந்தது. உடற்குறையோடு வளர்ந்த ஒருவர் அப்படியான பிள்ளைகளை உற்றுக் கவனித்ததில் ஆச்சரியமில்லை. இன்று செரிபிரல் பால்சி என்று சொல்லப்படும் மூளை முடக்குவாதத்தை அந்தக் காலத்தில் கனகாலம் ‘லிற்றில் நோய்’ என்றே அழைத்தார்கள்.

அதாவது லிற்றிலின் பதில்: பிரசவ நேரத்தில்.

1897இல் இன்னொருவர் இதற்கு மறுப்புச் சொன்னார். அவர் பெயர் சிக்மண்ட் பிராய்ட். கனவையும் ஆழ்மனதையும் பற்றி எழுதிய அதே ஆள்தான். அதற்கு முன்னம் அவர் வியன்னாவில் பிள்ளைகளின் நரம்பு நோய்களைப் பார்த்த வைத்தியர். பிரசவம் கஷ்டமானதால் பிள்ளையின் மூளை பாதிக்கப்பட்டது என்று ஏன் எடுத்துக்கொள்ளவேணும், வயிற்றில் இருக்கும்போதே ஏதோ பிழைத்துப்போனதால் பிரசவமும் கஷ்டமாகியிருக்கலாம்தானே என்பது அவருடைய வாதம். எது காரணம், எது அறிகுறி என்பதையே தலைகீழாக்கிப் பார்த்தார்.

அந்த வாதம் கனகாலம் பெரிதாக எடுபடவில்லை. பிரசவ அறை எல்லோருக்கும் தெரிகிற இடம். வயிற்றுக்குள் நடந்ததை யார் கண்டது? தெரிகிற இடத்தில்தான் பழியும் போடலாம்.

ஐந்து கேள்வி, பத்துப் புள்ளி

அடுத்த பெரிய மாற்றம் நியூயோர்க்கில் நடந்தது. வேர்ஜினியா அப்கார் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் சத்திரசிகிச்சை படித்தவர். பெண்ணுக்கு அந்தத் துறையில் பிழைப்பில்லை என்று தலைமைப் பேராசிரியர் சொல்ல, மயக்க மருந்துத் துறைக்கு மாறினார். அப்படித்தான் பிரசவ அறைக்குள் வந்தார். அங்கே எல்லோருடைய கண்ணும் தாயில் இருந்தது. பிறந்த பிள்ளையை ஒழுங்குமுறையாகப் பார்க்க ஒரு வழி இருக்கவில்லை.

1949இல் ஒருநாள் காலைச் சாப்பாட்டு நேரம் ஒரு மாணவர் இதைப்பற்றிக் கேட்க, அப்கார் கையில் கிடைத்த துண்டில் ஐந்து விடயத்தை எழுதிக் கொடுத்தார் என்று சொல்லப்படுகிறது. இதயத் துடிப்பு, மூச்சு, தசையின் இறுக்கம், சீண்டினால் காட்டும் எதிர்வினை, நிறம். ஒவ்வொன்றுக்கும் 0, 1 அல்லது 2. எல்லாம் கூட்டினால் 10. 1952இல் ஒரு மாநாட்டில் இதை முன்வைத்தார், 1953இல் கட்டுரையாக வந்தது. இன்று உலகத்தின் எந்த மூலையில் பிள்ளை பிறந்தாலும் ஒரு நிமிடத்திலும் ஐந்து நிமிடத்திலும் இந்தப் புள்ளி போடப்படுகிறது.

இந்தப் புள்ளி எத்தனை பிள்ளைகளைக் காப்பாற்றியிருக்கும் என்று எண்ணவே முடியாது. புள்ளி போடவேணும் என்றால் பிள்ளையைப் பார்த்தே ஆகவேணும். அதுதான் அப்காரின் பெரிய வேலை.

ஆனால் ஐந்தாவது விடயத்தில் கொஞ்சம் நில்லுங்கள். நிறம். முழு உடம்பும் ‘பிங்க்’ என்றால் 2 புள்ளி. எங்கட பிள்ளைகள் ‘பிங்க்’ நிறத்திலா பிறக்கிறார்கள்? நாக்கையும் உதட்டையும் உள்ளங்காலையும் பார்த்து எங்கட தாதிமாரும் மருத்துவமாதுகளும் இதைச் சமாளித்து வருகிறார்கள். ஆனால் அளவுகோலே வெள்ளைத் தோலை மனதில் வைத்துத்தான் எழுதப்பட்டது. அப்காருக்கும் இது தெரிந்திருந்தது. ஐந்திலும் திருப்தியில்லாத அறிகுறி நிறம்தான் என்றும், கறுப்பினப் பிள்ளைகளின் தோல் நிறம் இதைக் கணிப்பதைக் கஷ்டமாக்குகிறது என்றும் அந்த முதல் கட்டுரையிலேயே எழுதியிருக்கிறார். அப்படியிருந்தும் எழுபது வருடம் அது மாறவில்லை. 2023இல்தான் பிரித்தானியாவின் தேசிய சுகாதார சேவையோடு இணைந்த இன, சுகாதார அவதானிப்பு மையம், கறுப்பின, ஆசியக் குழந்தைகளுக்கு இந்த முறை பொருந்துகிறதா என்று மீளாய்வு செய்து, ‘பிங்க்’ போன்ற சொற்களை மாற்றவேணும் என்று கேட்டது.

அடுத்த சிக்கல் இன்னும் பெரியது. புள்ளி குறைந்தால் மூளை பழுது என்று ஊர் முழுக்க ஒரு நம்பிக்கை பரவியது. 1981இல் கரின் நெல்சனும் ஜோனாஸ் எலன்பேர்க்கும் அமெரிக்காவில் ஏறத்தாழ 49,000 பிள்ளைகளின் பதிவுகளைப் பார்த்தார்கள். பின்னாளில் மூளை முடக்குவாதம் வந்த பிள்ளைகளில் 73 சதவீதமானோர் ஐந்தாவது நிமிடத்தில் 7 தொடக்கம் 10 புள்ளி எடுத்திருந்தார்கள். ‘நல்லாத்தான் பிறந்தான்’ என்று எழுதப்பட்ட பிள்ளைகள். மறுபக்கம், பத்து நிமிடத்துக்குப் பிறகும் 3 அல்லது அதற்குக் குறைவான புள்ளியோடு இருந்து உயிர் தப்பிய 99 பேரில் 12 பேருக்குத்தான் பின்னர் மூளை முடக்குவாதம் வந்தது.

பிராய்ட் சொன்னது முழுக்கச் சரி என்று இதற்கு அர்த்தமில்லை. ஆனால் லிற்றில் சொன்னது முழுக்கதையும் இல்லை என்பது தெளிவாகிவிட்டது. பிறந்த நிமிடத்தில் பிள்ளை எப்படி இருக்கிறது என்பதைத்தான் அப்கார் புள்ளி சொல்லும். ஏன் அப்படி, எப்போதிருந்து அப்படி என்று கேட்டால் அதனிடம் பதில் இல்லை.

கொடியில் எடுத்த குருதி

வெளியே தெரிவதை விட்டு உள்ளே பார்க்கும் வழியைத் திறந்தவர்களிலும் அப்கார் ஒருவர். 1958இல் ஸ்டான்லி ஜேம்ஸ் என்ற குழந்தை வைத்தியரோடும் வேறு சிலரோடும் சேர்ந்து, பிறந்தவுடன் தொப்புள்கொடிக் குருதியின் அமிலத்தன்மையை அளந்து எழுதினார். ஒட்சிசன் குறைந்தால் கலங்கள் ஒட்சிசன் இல்லாமலே சக்தி எடுக்கப் பார்க்கும். அதில் லக்ரிக் அமிலம் சேரும், குருதியின் பி.எச். பெறுமானம் இறங்கும். 1960களில் பேர்ளினில் எரிச் சாலிங், பிள்ளை பிறக்கமுதலே தலைத்தோலில் ஒரு துளி குருதி எடுத்து இதே அளவைப் பார்க்கத் தொடங்கினார்.

இன்று கொடி நாடியின் பி.எச். 7.0க்குக் கீழே போனால் வைத்தியர்கள் கவலைப்படுவார்கள். ஆனால் அப்படி இறங்கிய பிள்ளைகளிலும் கனபேர் ஒரு குறையுமில்லாமல் வளர்ந்துவிடுகிறார்கள். காரணம் இதுதான்: அமிலம் என்பது மூச்சு முட்டியதற்கான சான்று. கலம் செத்ததற்கான சான்று இல்லை. ஒரு வீட்டில் புகை வந்ததை அறிவது வேறு, வீட்டில் என்னென்ன எரிந்தது என்று அறிவது வேறு.

1976இல் ஹார்வி சார்னற், மாக்ரெற் சார்னற் இருவரும் 21 பிள்ளைகளை நாளுக்கு நாள் கவனித்து, மூளையின் பாதிப்பை மூன்று நிலையாக வகுத்தார்கள். இன்றும் அந்த வகுப்புத்தான் பாவனையில் இருக்கிறது. ஆனால் அதற்குப் பழகிய கண் வேணும், நேரமும் வேணும்.

ஆறு மணித்தியாலம்

இவ்வளவு காலமும் இந்தக் கேள்விக்கு அவசரம் இருக்கவில்லை. கண்டுபிடித்தாலும் செய்வதற்கு ஒன்றும் இல்லை. 2005இல் அது மாறியது. மூச்சுத் திணறிப் பிறந்த பிள்ளையின் உடம்பை 72 மணித்தியாலம் ஏறத்தாழ 33.5 பாகை செல்சியசில் குளிர வைத்தால் மூளையின் சேதம் குறையும் என்று பெரிய பரிசோதனைகள் காட்டின. அமெரிக்காவில் 208 பிள்ளைகளில் நடந்த ஒரு பரிசோதனையில், இறந்த அல்லது ஊனமான பிள்ளைகள் வழமையான பராமரிப்பில் 62 சதவீதம், குளிர வைத்ததில் 44 சதவீதம்.

ஒட்சிசன் குறைந்ததும் மூளைக் கலங்கள் எல்லாம் உடனே சாவதில்லை. முதல் அடி விழும், பிறகு கொஞ்சநேரம் தேறியதுபோல இருக்கும், பல மணித்தியாலத்துக்குப் பிறகு இரண்டாவது சரிவு வரும். அந்த இடைவெளிக்குள்தான் குளிர வைக்கவேணும். பிறந்து ஆறு மணித்தியாலத்துக்குள் தொடங்கவேணும் என்பது விதி. எந்தப் பிள்ளைக்கு வேணும், எந்தப் பிள்ளைக்கு வேண்டாம் என்று தீர்மானிக்கவும் அதே ஆறு மணித்தியாலம்தான்.

இந்த இடத்தில் கதை எங்கட பக்கம் வருகிறது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வழமையாகிவிட்ட இந்தச் சிகிச்சை தெற்காசியாவிலும் வேலை செய்யுமா என்று பார்க்க, 2015 தொடக்கம் 2019 வரை இந்தியா, இலங்கை, பங்களாதேஷ் மூன்று நாடுகளிலும் ஏழு பெரிய வைத்தியசாலைகளில் ‘ஹீலிக்ஸ்’ என்ற பரிசோதனை நடந்தது. 408 குழந்தைகள். முடிவு 2021இல் வெளிவந்தது. இறப்பும் மிதமான அல்லது கடும் ஊனமும் சேர்ந்த கணக்கில் குளிர வைத்ததால் ஒரு நன்மையும் இல்லை: குளிர வைத்தவர்களில் 50 சதவீதம், மற்றவர்களில் 47 சதவீதம். இறப்பை மட்டும் பார்த்தால் இன்னும் மோசம். குளிர வைத்தவர்களில் 42 சதவீதம், மற்றவர்களில் 31 சதவீதம்.

இதை வாசித்த அன்று நாங்கள் கொஞ்சநேரம் பேசாமல் இருந்தோம். அங்கே பிள்ளையைக் காப்பாற்றுகிற சிகிச்சை இங்கே ஏன் இப்படி ஆனது?

இதற்குப் பல விளக்கங்கள் சொல்லப்பட்டன, இன்னும் விவாதம் நடக்கிறது. அதில் ஒன்று எங்களைத் திரும்பவும் பிராய்டிடம் கொண்டுபோய் விட்டது. அந்தப் பரிசோதனையை நடத்திய ஆய்வாளர்கள் உட்பட ஒரு குழு, இந்தியாவிலும் பணக்கார நாடுகளிலும் பிறந்து இப்படிப் பாதிக்கப்பட்ட பிள்ளைகளின் குருதியில் எந்த மரபணுக்கள் வேலை செய்கின்றன என்று ஒப்பிட்டுப் பார்த்தது. கோலம் வேறு வேறாக இருந்தது. பணக்கார நாட்டுப் பிள்ளைகளில் தெரிந்தது பிரசவ நேரத்தில் திடீரென விழுந்த ஒற்றை அடி. இங்கத்தைய பிள்ளைகளில் தெரிந்தது விட்டு விட்டு, நீண்டநேரம் ஒட்சிசன் குறைந்ததன் அடையாளம். பிறக்கும்போதே ஆறு மணித்தியாலம் என்ற சாளரம் மூடிப்போயிருந்தால், பிறகு குளிர வைத்து என்ன பயன்?

‘எப்போது’ என்ற கேள்வி மாமியாருக்கும் தகப்பனுக்கும் இடையிலான சண்டையாக மட்டும் இருந்தது. இப்போது எந்தச் சிகிச்சை கொடுப்பது, கொடுக்காமல் விடுவது என்பதும் அதிலேயே தங்கியிருக்கிறது.

குருதியில் மிதக்கும் துண்டுகள்

இனி டி.என்.ஏ.க்கு வருவோம். இதன் கதை பிரசவ அறைக்கு வெகு தூரத்தில் தொடங்குகிறது.

1948இல் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்கில் மண்டேல், மெத்தே என்ற இருவர் மனிதக் குருதியின் பிளாஸ்மாவில், அதாவது கலங்களை நீக்கிய திரவப் பகுதியில், நியூக்கிளிக் அமிலம் இருப்பதாக எழுதினார்கள். டி.என்.ஏ.யின் இரட்டைச் சுருள் வடிவம் தெரியவந்தது 1953இல். அதற்கும் ஐந்து வருடம் முன்னம்! வாசிக்க ஆளில்லை. 1966இல் லூப்பஸ் நோயாளரிலும், 1977இல் புற்றுநோயாளரிலும் இது காணப்பட்டது. புற்றுநோயாளரில் அளவு கூடியிருந்தது, சிகிச்சைக்குப் பிறகு சிலரில் குறைந்தது.

1997இல் டெனிஸ் லோ என்ற ஹொங்கொங் வைத்தியர் ஒரு எளிமையான கேள்வி கேட்டார். கட்டியின் டி.என்.ஏ. குருதியில் கலக்கும் என்றால், வயிற்றில் வளரும் பிள்ளையினதும் கலக்கத்தானே வேணும்? ஆண்பிள்ளை சுமக்கும் தாயின் பிளாஸ்மாவில் வை நிறமூர்த்தத்தைத் தேடினார். இருந்தது. பிளாஸ்மாவைச் சும்மா கொதிக்க வைத்துப் பார்க்கும் யோசனை, நூடில்ஸ் அவிக்கும்போது வந்ததாக அவரே பின்னர் சொல்லியிருக்கிறார். இன்று டவுன் நோய்க்குறியைத் தாயின் குருதியிலேயே பார்ப்பது அந்தக் கண்டுபிடிப்பிலிருந்து வந்தது.

இரண்டு வருடம் கழித்து, 1999இல், அவருடைய குழு இன்னொன்றை அளந்தது. பிள்ளை பிறந்த பிறகு தாயின் குருதியிலிருந்து பிள்ளையின் டி.என்.ஏ. எவ்வளவு வேகமாக மறைகிறது? சராசரியாக 16 நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாகிறது. எங்களைப் பொறுத்தவரை இந்த முழுக் கதையிலும் முக்கியமான இலக்கம் இதுதான். நேற்று நடந்ததன் தடயம் இன்று நிற்காது. குருதியில் இப்போது நிறையத் துண்டுகள் இருந்தால், கலங்கள் இப்போதோ சற்று முன்னமோ செத்துக்கொண்டிருக்கின்றன என்று பொருள்.

இந்தத் துண்டுகள் எங்கிருந்து வருகின்றன? ஒரு கலம் சாகும்போது அதன் டி.என்.ஏ. வெட்டப்பட்டு வெளியே வரும். ஒழுங்குமுறையாகச் சாகும் கலம் ஏறத்தாழ 167 எழுத்து நீளமான துண்டுகளாக வெட்டும். ஒட்சிசன் இல்லாமல் வெடித்துச் சாகும் கலத்திலிருந்து நீளமான துண்டுகளும் வரும். மூன்றாவது வழி ஒன்று 2004இல் தெரியவந்தது. சில வெண்குருதிக் கலங்கள் கிருமியைப் பிடிக்கத் தங்கள் டி.என்.ஏ.யையே வலைபோல வீசி எறிகின்றன.

ஆக, உடம்பில் எங்கேயாவது கலங்கள் கூட்டமாகச் செத்தால் குருதியில் இந்த அளவு ஏறும். 2000ஆம் ஆண்டு விபத்தில் காயப்பட்டவர்களிலும், 2003இல் பக்கவாதம் வந்தவர்களிலும் லோவின் குழுவும் சகாக்களும் இதைக் காட்டினார்கள். பாதிப்புக் கூடக் கூட அளவும் கூடியது. அங்கிருந்து பிறந்த பிள்ளைக்கு வருவது ஒரு எட்டுத்தான். அமிலம் காட்டியது மூச்சு முட்டியதை. இது காட்டுவது கலம் செத்ததை.

அளப்பதும் பெரிய வேலையில்லை. குருதியைச் சுழற்றிப் பிளாஸ்மாவைப் பிரித்து, டி.என்.ஏ.யில் ஒட்டினால் ஒளிரும் சாயம் சேர்த்து, எவ்வளவு ஒளிர்கிறது என்று பார்க்கலாம். விலை கூடிய இயந்திரம் இல்லாமலே, ஆறு மணித்தியாலத்துக்குள் பதில் எடுக்கலாம். மூன்று கிலோ பிள்ளையின் உடம்பில் மொத்தமாக ஏறத்தாழ 250 மில்லிலீற்றர் குருதிதான் இருக்கும். பெரிய கோப்பையில் ஒரு தேத்தண்ணி அளவு. அதில் அடிக்கடி எடுக்க ஏலாது. ஆனால் கொடியிலும் நஞ்சிலும் மிஞ்சுகிற குருதி எப்படியும் எறியப்படப்போவது. அதில் எடுத்தால் பிள்ளைக்கு ஊசி குத்தவும் தேவையில்லை.

சான்றைச் சந்தேகிப்பது

இவ்வளவும் வாசித்தபோது எங்களுக்கும் ஒரு சந்தோசம் வந்தது. இனி எல்லாம் தெளிவாகிவிடும் என்று. ஆனால் நாலு தரம் வாசித்தபிறகு கேள்விகளும் வந்தன.

ஒன்று, பிரசவமே கலங்களுக்கு ஒரு போராட்டம். ஒரு பிரச்சினையுமில்லாமல் பிறந்த பிள்ளையின் கொடிக் குருதியிலும் இந்தத் துண்டுகள் இருக்கும். எந்த அளவுக்கு மேலே போனால் ஆபத்து என்று கோடு கீறவேணும் என்றால் ஆயிரக்கணக்கான பிள்ளைகளைப் பார்க்கவேணும். பிறந்த பிள்ளைகளில் இதுவரை நடந்தவை சிறிய ஆய்வுகள்.

இரண்டு, கிருமித் தொற்று. தாய்க்கோ பிள்ளைக்கோ தொற்று இருந்தால் வெண்குருதிக் கலங்கள் வலை வீசும், அளவு ஏறும். மூச்சு முட்டியதாலா தொற்றாலா என்று மொத்த அளவு சொல்லாது.

மூன்று, குழாயிலேயே பிழைக்கலாம். எடுத்த குருதியை உடனே சுழற்றாமல் வைத்திருந்தால் வெண்குருதிக் கலங்கள் குழாய்க்குள்ளேயே உடைந்து டி.என்.ஏ.யைக் கொட்டிவிடும். பிள்ளையின் உடம்பில் நடக்காத மரணத்தை நாங்கள் அளப்போம். இரவு இரண்டு மணிக்கு ஆய்வுகூடம் பூட்டிக் கிடக்கிற ஒரு ஆஸ்பத்திரியை நினைத்துப் பாருங்கள்.

நாலாவது, எங்கே செத்த கலம் என்ற கேள்வி. நஞ்சிலா, ஈரலிலா, சிறுநீரகத்திலா, மூளையிலா? இதற்கு ஒரு வழி இருக்கிறது. ஒவ்வொரு உறுப்பின் டி.என்.ஏ.யிலும் மெதைல் கூட்டங்கள் ஒட்டியிருக்கும் கோலம் வேறு வேறு. துண்டு எங்கிருந்து வந்தது என்பதற்கு அது ஒரு தபால் முத்திரை மாதிரி. 2016இல் ஜெருசலேம் ஆய்வாளர்களைக் கொண்ட குழு ஒன்று, இதை வைத்து மூளை உட்படப் பல உறுப்புகளின் கல மரணத்தைக் குருதியில் பிரித்தறியலாம் என்று காட்டியது. ஆனால் அது சாயம் போட்டுப் பார்ப்பதுபோல மலிவும் இல்லை, அவ்வளவு கெதியும் இல்லை.

இத்தனைக்குப் பிறகும் இந்தத் தடயத்தை நாங்கள் கைவிடச் சொல்லவில்லை. இதற்கு ஒரு முக்கியமான குணம் இருக்கிறது. அது நேரத்தோடு மாறும். பிறந்த நிமிடத்தில் கொடியில் ஒருமுறை, சில மணித்தியாலம் கழித்து ஒருமுறை, அடுத்தநாள் ஒருமுறை என்று பார்த்தால் ஒரு கோடு கிடைக்கும். அடி பிரசவத்தின் கடைசி நேரத்தில்தான் விழுந்தது என்றால் கொடியில் குறைவாக இருந்து பிறகு ஏறவேணும். கொடியிலேயே உச்சத்தில் இருந்தால் கலங்கள் அதற்கு முன்னமே சாகத் தொடங்கிவிட்டன. இது நாங்கள் வாசித்ததிலிருந்து எங்களுக்குத் தோன்றுவது. ஆய்வுகள்தான் இதைச் சரியென்றோ பிழையென்றோ சொல்லவேணும். ஆனால் ‘எவ்வளவு’ என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்த இடத்தில் ‘எப்போது’ என்று கேட்க ஒரு வழி இருக்கிறது என்பதே எங்களுக்குப் பெரிய விடயமாகப் பட்டது.

எந்தப் பிள்ளையில் கோடு கீறுவது?

இந்த வரலாற்றில் எங்களுக்குத் திரும்பத் திரும்பத் தெரிந்தது ஒன்றுதான். அளவுகோல் யாருடைய பிள்ளையில் கீறப்பட்டதோ அந்தப் பிள்ளைக்குத்தான் அது முதலில் பொருந்தும். நிறத்துக்கு ‘பிங்க்’ என்று எழுதினார்கள். குளிர வைப்பதற்கு ஆறு மணித்தியாலம் என்று எழுதினார்கள். இரண்டும் கெட்ட எண்ணத்தில் எழுதப்பட்டவை இல்லை. ஆனால் எங்கட பிள்ளைகளைப் பார்த்து எழுதப்பட்டவையும் இல்லை. நாளைக்கு டி.என்.ஏ.க்கும் ‘இதற்கு மேல் ஆபத்து’ என்று ஒரு இலக்கம் வரும். அந்த இலக்கம் எங்கே பிறந்த பிள்ளைகளின் குருதியிலிருந்து வரப்போகிறது? குருதிச்சோகையோடு பிள்ளை சுமக்கிற எங்கட தாய்மாரின் பிள்ளைகளும் அந்தக் கணக்கில் இருப்பார்களா? ஹீலிக்ஸ் பரிசோதனை இங்கேயே நடந்ததால்தான் உண்மை தெரிந்தது. நடத்தாமல் இருந்திருந்தால் நல்லது செய்கிறோம் என்று நினைத்து எல்லாப் பிள்ளையையும் குளிர வைத்துக்கொண்டே இருந்திருப்போம்.

எங்களோடு படிக்கும் ஒரு தோழி கேட்டா: “சரி, நாளைக்கு இந்த டெஸ்ட் வந்து, வயித்துக்குள்ளதான் நடந்தது எண்டு சொன்னால், பழி முழுக்க அம்மாவில தானே விழும்?” நல்ல கேள்வி. பிரசவ அறையிலிருந்து பழியை எடுத்து வயிற்றில் போடுவதற்கு இந்த அறிவு பயன்படுமென்றால் அதைவிடக் கொடுமை இல்லை. வயிற்றுக்குள் ஒட்சிசன் குறைவது தாய் செய்த பிழையால் இல்லை. நஞ்சு சரியாக வேலை செய்யாதது, உயர் குருதியமுக்கம், தொற்று, சோகை, இவைதான் அங்கே பேசவேண்டிய பெயர்கள். இதில் கனக்க கிளினிக்கிலேயே பார்த்துப் பிடிக்கக்கூடியவை. ‘எப்போது’ என்று தெரிந்தால் எங்கே கவனம் கூட்டவேணும் என்று தெரியும். அதற்குத்தான் இந்தப் பதில் வேணும்.

பக்கத்து ஒழுங்கைத் தம்பிக்கு இது எதுவும் உதவப்போவதில்லை. அவருடைய குருதியில் அன்று மிதந்த துண்டுகள் பதினாலு வருடத்துக்கு முன்னமே மறைந்துபோய்விட்டன. எந்தச் சோதனையும் இனி அதைத் திருப்பி எடுக்காது. ஆனால் போன கிழமை எங்களில் ஒருவர் அந்த அம்மாவிடம் போய், கிணத்தடியில் விழுந்ததுதான் காரணம் என்று சொல்ல ஒரு சான்றும் இல்லை, பிறந்த உடன் அழாத பிள்ளைகளில் கனபேர் நல்லாயிருக்கிறார்கள், அழுது பிறந்த பிள்ளைகளுக்கும் இது வந்திருக்கிறது, உலகத்தில் பெரிய பெரிய வைத்தியர்களே நூற்றைம்பது வருடமாக இதைத்தான் தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்று சொன்னார்.

அவ கொஞ்சநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “இதை வந்து மாமிக்கும் ஒருக்காச் சொல்லுங்கோ பிள்ளை” என்றா.